‘நெகடிவ்’ என்றால் நோய் இல்லை என்று அர்த்தமா?



நமது கூட்டங்களில் இரத்தசோகை, சர்க்கரை, கருப்பைவாய்ப் புற்று பற்றியெல்லாம் பேசியிருக்கிறோம். மார்பகப் புற்று பற்றியும் ‘கட்டி இருந்தால் காட்டுங்கள்’ என்ற அளவில் பேசியிருக்கிறோம். இந்த மாதப் பாடம் அதற்கு அடுத்த படி. கட்டியைக் காட்டிய பிறகு நம் கையில் ஒரு ரிப்போர்ட் கொடுக்கிறார்களே, அதில் என்ன இருக்கிறது, அதை நாம் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுதான் பாடம். ஊக்குநர்கள் இதை ஒரே மூச்சில் வாசிக்க வேண்டாம். இரண்டு கூட்டமாகப் பிரித்து வாசியுங்கள். கடைசியில் உள்ள கேள்விகளை எல்லோரும் சேர்ந்து பேசுங்கள்.

ஒரு சொல்லால் வந்த குழப்பம்

பேளுக்குறிச்சிப் பக்கம் நம் உறுப்பினர் ஒருவர். வயது நாற்பதுக்குள். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். மார்பில் கட்டி இருந்ததால் ஊசி மூலம் சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதனை செய்தார்கள். ரிப்போர்ட் ஆங்கிலத்தில் வந்தது. கல்லூரியில் படிக்கும் பையன் வாசித்தான். முதல் பக்கத்தில் இருந்த பெரிய பெரிய வார்த்தைகள் அவனுக்குப் புரியவில்லை. கடைசியில் மூன்று வரி இருந்தது. மூன்றிலும் ‘நெகடிவ்’ என்று போட்டிருந்தது. “அம்மா, எல்லாமே நெகடிவ்தான். ஒண்ணும் இல்லம்மா” என்று சொல்லிவிட்டான்.

பையன் மேல் தப்பு இல்லை. கொரோனா பரிசோதனையில் நெகடிவ் என்றால் நிம்மதி. எச்.ஐ.வி. பரிசோதனையிலும் அப்படித்தான். நமக்கெல்லாம் நெகடிவ் என்றால் ‘நோய் இல்லை’ என்றுதான் பழக்கம். அந்த அம்மாவும் நிம்மதியாகக் களை வெட்டுக்குப் போய்விட்டார். மறுவாரம் வரச் சொல்லியிருந்த டாக்டரிடம் ஏழு வாரம் போகவில்லை. கட்டி பெரிதாகி, அக்குளிலும் ஒன்று தட்டுப்பட்ட பிறகுதான் குழுவில் வாய் திறந்தார். இப்போது சிகிச்சையில் இருக்கிறார்.

அந்த மூன்று நெகடிவ்வுக்கு அர்த்தம் வேறு. புற்று இருக்கிறதா இல்லையா என்பதை ரிப்போர்ட்டின் முதல் பகுதி சொல்லிவிடும். புற்று இருக்கிறது என்று தெரிந்த பிறகு, அது எந்த வகை என்று பார்ப்பதற்குத்தான் அந்த மூன்று சோதனைகள். மூன்றும் நெகடிவ் என்று வந்தால் அது வேகமாக வளரும் வகை. டாக்டர்கள் அதை ‘டிரிப்பிள் நெகடிவ்’ மார்பகப் புற்று என்கிறார்கள். நாம் ‘மூன்று நெகடிவ்’ என்று வைத்துக்கொள்வோம்.

மார்பகப் புற்று ஒரே நோய் அல்ல

இந்தியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் இன்று முதலிடம் மார்பகப் புற்றுக்குத்தான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2022-ம் ஆண்டுக்குக் கொடுத்த கணக்கின்படி, அந்த ஒரு வருடத்தில் இந்தியாவில் ஏறக்குறைய 1,92,000 பெண்களுக்குப் புதிதாக இந்த நோய் வந்தது. ஏறக்குறைய 98,000 பேர் இறந்தார்கள். சென்னையில் 1980-களில் கருப்பைவாய்ப் புற்றுதான் பெண்களிடம் அதிகம். இப்போது அந்த இடத்துக்கு மார்பகப் புற்று வந்துவிட்டது.

ஆனால் ‘மார்பகப் புற்று’ என்ற ஒரே பெயருக்குள் பல வகை நோய்கள் இருக்கின்றன. சந்தையில் ‘மிளகாய்’ என்று ஒரே பெயரில் கேட்டாலும் குண்டு, நீட்டு, காரம் கூடியது, குறைந்தது என்று பல தினுசு இருக்கிறதல்லவா, அதுபோல. ஒரே அளவு கட்டி உள்ள இரண்டு பேருக்கு இரண்டு விதமான சிகிச்சை கொடுப்பது இதனால்தான். “அவங்களுக்கு மாத்திரை மட்டும் கொடுத்தாங்க, எனக்கு மட்டும் ஏன் இத்தனை ஊசி?” என்று சில சகோதரிகள் கேட்கிறார்கள். அதற்கான பதில் அந்த மூன்று வரிகளில்தான் இருக்கிறது.

பூட்டும் சாவியும்

நம் உடம்பு கோடிக்கணக்கான செல்களால் ஆனது. செல் என்பது கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன அறை. தேவைப்படும்போது ஒன்று இரண்டாகும். தேவை முடிந்ததும் நின்றுவிடும். நிற்க வேண்டிய நேரத்தில் நிற்காமல் பெருகிக்கொண்டே போவதுதான் புற்று.

மார்பகச் செல்லுக்கு ‘வளரு’ என்று உத்தரவு கொடுக்க நம் இரத்தத்தில் சில பொருட்கள் ஓடுகின்றன. அவற்றைச் சாவி என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சாவி பொருந்தும் பூட்டு செல்லில் இருக்கும். சாவி பூட்டில் பொருந்தினால் செல் வளரும். ரிப்போர்ட்டில் பார்ப்பது மூன்று பூட்டுகளை.

முதல் பூட்டு ஈ.ஆர்.: ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனுக்கான பூட்டு. நாம் வயதுக்கு வருவதற்கும் மாதவிலக்கு வருவதற்கும் காரணமான ஹார்மோன் இது.

இரண்டாவது பூட்டு பி.ஆர்.: புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனுக்கான பூட்டு. கர்ப்பத்தைத் தாங்கி நிற்க உதவும் ஹார்மோன் இது.

மூன்றாவது ஹெர்-2: செல்லின் வெளிச்சுவரில் இருக்கும் ஒரு புரதம். சாதாரணச் செல்லில் இது கொஞ்சம் இருக்கும். சில புற்றுகளில் அளவுக்கு மீறி முளைத்து, செல்லைத் துரத்தித் துரத்தி வளரவைக்கும். இதற்கு 0, 1+, 2+, 3+ என்று மதிப்பெண் போடுவார்கள். 0, 1+ என்றால் நெகடிவ். 3+ என்றால் பாசிடிவ். 2+ என்றால் சந்தேகம். அப்போது ‘ஃபிஷ்’ என்று இன்னொரு சோதனை செய்து உறுதிப்படுத்துவார்கள்.

பூட்டு இருந்தால் ஒரு வசதி உண்டு. அந்தப் பூட்டை மருந்தால் அடைத்துவிடலாம். ஈ.ஆர். பாசிடிவ் என்றால் டமாக்சிஃபென் மாத்திரை பூட்டை அடைக்கும். மாதவிலக்கு நின்றவர்களுக்கு லெட்ரோசோல் போன்ற மாத்திரை சாவி உற்பத்தியையே குறைத்துவிடும். இவற்றை 5 வருடமோ அதற்கு மேலோ சாப்பிடச் சொல்வார்கள்.

ஹெர்-2 பாசிடிவ் வகையும் ஒரு காலத்தில் மிகவும் பயந்த வகைதான். 1998-ல் அமெரிக்காவில் டிராஸ்டுசுமாப் என்ற ஊசி மருந்துக்கு அனுமதி கிடைத்த பிறகு நிலைமை மாறியது. 2014-ல் நம் நாட்டிலேயே தயாரித்த அதே வகை மருந்து விற்பனைக்கு வந்தது.

மூன்று பூட்டும் இல்லை என்றால்?

மூன்று நெகடிவ் என்றால் அந்தப் புற்றுச் செல்லில் ஈ.ஆர். பூட்டும் இல்லை, பி.ஆர். பூட்டும் இல்லை, ஹெர்-2 மிகுதியும் இல்லை என்று அர்த்தம். யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்காமல் தானாகவே வளர்கிறது. பூட்டே இல்லாத இடத்தில் பூட்டை அடைக்கும் மருந்து என்ன செய்யும்? ஆகவே டமாக்சிஃபென் இதற்கு உதவாது. பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கொடுத்த மாத்திரையை ‘எனக்கும் எழுதிக் கொடுங்க’ என்று கேட்டுப் பயன் இல்லை.

இந்த வகையைப் பற்றி நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை:

1. மேலை நாடுகளில் மார்பகப் புற்று வரும் 100 பேரில் 10 முதல் 15 பேருக்கு இந்த வகை. இந்தியாவில் நடந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது 100-க்கு ஏறக்குறைய 30 பேருக்கு இந்த வகை என்று வந்தது. அதாவது நம் நாட்டில் மூன்று நான்கு பேரில் ஒருவருக்கு.

2. மற்ற வகைகளைவிட இளம் வயதில் அதிகம் வருகிறது. முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் வரலாம். ‘இது பாட்டிமாருக்கு வர்ற நோய்’ என்று நினைக்க வேண்டாம்.

3. வளர்ச்சி வேகம் அதிகம். ரிப்போர்ட்டில் ‘கிரேடு 3’ என்று பெரும்பாலும் இருக்கும். கிரேடு என்பது செல்லின் முரட்டுத்தனத்தைச் சொல்வது. ‘ஸ்டேஜ்’ என்பது எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று சொல்வது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். கிரேடு 3 என்பதால் மூன்றாம் ஸ்டேஜ் என்று அர்த்தம் இல்லை.

4. சில சமயம் இந்தக் கட்டி வழவழப்பாக, உருண்டையாக, சாதாரணக் கொழுப்புக் கட்டி மாதிரியே இருக்கும். ஸ்கேனிலும் அப்படியே தெரியலாம். ஆகவே தொட்டுப் பார்த்து ‘இது ஒண்ணும் இல்ல’ என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

5. மறுபடி வருவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் மூன்று வருடத்துக்குள் வரும். நுரையீரல், மூளை, கல்லீரல் பக்கம் போகக்கூடியது. ஆனால் ஐந்து வருடம் நன்றாகக் கடந்துவிட்டால் மறுபடி வரும் வாய்ப்பு மிகவும் குறைந்துவிடும். ஹார்மோன் வகையோ பத்து, பதினைந்து வருடம் கழித்தும் தலைகாட்டலாம்.

ஏன் அவசரம்? ஏன் நம்பிக்கை?

மூன்று நெகடிவ் என்றால் முடிந்துவிட்டது என்று சிலர் பயமுறுத்துவார்கள். அது சரியில்லை. அமெரிக்கக் கணக்கு ஒன்றைச் சொல்கிறோம். இந்த வகை மார்பை விட்டு வெளியே போகாத நிலையில் கண்டுபிடித்தால், ஐந்து வருடம் கழித்து 100-க்கு 90 பேருக்கு மேல் உயிரோடு இருக்கிறார்கள். அக்குள் நெறிகட்டி வரை போய்விட்டால் மூன்றில் இரண்டு பங்குப் பேர். நுரையீரல் போன்ற தூரத்து உறுப்புக்குப் போய்விட்டால் 15 பேர் அளவுதான். அதே நோய், அதே மருந்துகள். வித்தியாசம் எப்போது வந்தோம் என்பதில். நம் ஊரில் ஏழு வாரம் தள்ளிப்போட்டது ஏன் பெரிய விஷயம் என்று இப்போது புரியும்.

இன்னொரு பக்கமும் உண்டு. வேகமாக வளரும் செல்தான் கீமோ மருந்துக்கு நன்றாக மசியும். கீமோ என்பது வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்கும் மருந்து. தலைமுடி வேரிலும் செல்கள் வேகமாகப் பெருகுகின்றன. அதனால்தான் முடி கொட்டுகிறது. மருந்து நின்றதும் முடி திரும்ப முளைக்கும். மூன்று நெகடிவ் கட்டி பல பேருக்குக் கீமோவிலேயே முழுவதும் கரைந்துவிடுகிறது. அறுவைச் சிகிச்சையின்போது எடுத்துப் பார்த்தால் புற்றுச் செல்லே இருக்காது. அப்படிக் கரைந்தவர்களுக்கு நோய் திரும்புவது குறைவு.

இதில் நம் நாட்டு ஆராய்ச்சி ஒன்றை அவசியம் சொல்ல வேண்டும். மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் 2010 முதல் 2020 வரை மூன்று நெகடிவ் உள்ள 720 பெண்களைச் சேர்த்து ஆய்வு நடத்தினார்கள். ஒரு பாதிப் பேருக்கு வழக்கமான கீமோ. மறுபாதிப் பேருக்கு அதோடு கார்போபிளாட்டின் என்ற பழைய, விலை குறைந்த மருந்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள். 2022 டிசம்பரில் முடிவை வெளியிட்டார்கள். 50 வயது வரை உள்ள பெண்களில், வழக்கமான கீமோ மட்டும் எடுத்தவர்களில் ஐந்து வருடம் கழித்து 100-க்கு 66 பேர் உயிரோடு இருந்தார்கள். கார்போபிளாட்டின் சேர்த்தவர்களில் 77 பேர். அதாவது நூறு குடும்பத்தில் பதினோரு குடும்பத்துக்குத் தாய் மிச்சம். 50 வயதைத் தாண்டியவர்களுக்கு இந்த நன்மை தெரியவில்லை. யாருக்குச் சேர்க்கலாம் என்பதை டாக்டர்தான் முடிவு செய்வார். லட்சக்கணக்கில் விலை உள்ள புது மருந்து இருந்தால்தான் பிழைப்போம் என்பது இல்லை என்று இந்த ஆய்வு காட்டுகிறது.

புது மருந்துகளும் வந்திருக்கின்றன. உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் பெம்புரோலிசுமாப் என்ற மருந்தை, ஆரம்ப நிலை மூன்று நெகடிவ் புற்றுக்கு 2021-ல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். ஆனால் விலை மிக மிக அதிகம். நமக்கு முதல் பாதுகாப்பு, கிடைக்கும் சிகிச்சையைச் சீக்கிரம் ஆரம்பித்து முழுவதும் முடிப்பதுதான்.

சிகிச்சை எப்படி நடக்கும்?

மற்ற வகைகளில் பலருக்கு முதலில் ஆபரேஷன் செய்வது வழக்கம். மூன்று நெகடிவ்வில், கட்டி ரொம்பச் சின்னதாக இருந்தால் தவிர, பெரும்பாலும் கீமோவைத்தான் முதலில் கொடுக்கிறார்கள். “ஆபரேஷன் பண்ணாம ஊசி போட்டுக்கிட்டே இருக்காங்களே” என்று குடும்பத்தார் சண்டைக்குப் போக வேண்டாம். கட்டி மருந்துக்குக் கரைகிறதா என்று கண்ணால் பார்க்கவும், சின்னதாக்கி எடுக்கவும்தான் இந்த முறை. கீமோ ஏறக்குறைய ஐந்து ஆறு மாதம் நடக்கும். அதன் பிறகு ஆபரேஷன். சிலருக்கு மார்பு முழுவதையும் எடுக்காமல் கட்டியை மட்டும் எடுக்க முடியும். பிறகு தேவைப்பட்டவர்களுக்குச் சில வாரம் கரண்டு வைப்பார்கள். கரண்டு என்று நாம் சொல்வது கதிர்வீச்சு சிகிச்சை.

கீமோ எடுக்கும்போது குமட்டல், வாய்ப்புண், அசதி, முடி கொட்டுதல் இருக்கும். இவற்றுக்கு மருந்து உண்டு, சொன்னால் கொடுப்பார்கள். ஆனால் ஒன்றை மட்டும் எல்லோரும் மனதில் வையுங்கள். கீமோ எடுப்பவருக்குக் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் அது சாதாரணக் காய்ச்சல் அல்ல. இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும். நோய்க்கிருமி இரத்தத்தில் பரவி உயிருக்கே ஆபத்தாகும். பாராசிட்டமால் போட்டுவிட்டு விடியட்டும் என்று படுக்கக் கூடாது. அந்த இரவே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள்.

நடுவில் நிறுத்துவதுதான் பெரிய ஆபத்து. இரண்டு ஊசியில் கட்டி சுருங்கியதும் ‘சரியாப் போச்சு’ என்று நின்றுவிடுகிறவர்கள் உண்டு. கரையாமல் மிச்சம் இருக்கும் செல்கள்தான் மறுபடி கிளம்பும். களையை மேலாக அறுத்துவிட்டு வேரை விட்ட மாதிரி.

குடும்பத்தில் வருமா?

பெரும்பாலும் இல்லை. ஆனால் மூன்று நெகடிவ் உள்ளவர்களில் பத்துக்கு ஒருவர், இருவருக்கு, பிறவியிலேயே பி.ஆர்.சி.ஏ. என்ற மரபணுவில் ஒரு பழுது இருக்கிறது. இந்த மரபணு செல்லுக்குள் ஏற்படும் கிழிசல்களைத் தைக்கும் தையல்காரர் மாதிரி. தையல்காரர் வேலை செய்யாவிட்டால் கிழிசல் பெரிதாகும். பி.ஆர்.சி.ஏ.-1 மரபணுவைக் கண்டுபிடித்தது 1994-ல். அதில் பழுது உள்ள பெண்களில் 100-க்கு 60 பேருக்கு மேல் வாழ்நாளில் மார்பகப் புற்று வரும். சினைப்பைப் புற்றும் வரலாம். இந்தப் பழுது அம்மா வழியாகவும் வரும், அப்பா வழியாகவும் வரும். ஆகவே டாக்டர் குடும்ப விவரம் கேட்கும்போது அத்தை, அப்பாவைப் பெற்ற பாட்டி பற்றியும் மறக்காமல் சொல்லுங்கள். தேவைப்பட்டால் இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்வார்கள். பழுது இருந்தால் அக்கா தங்கைகளும் மகள்களும் முன்கூட்டியே பரிசோதித்துக்கொள்ள முடியும். இது சாபமோ, செய்த பாவமோ இல்லை.

முகாமுக்காகக் காத்திருக்க வேண்டாம்

மும்பைக் குடிசைப் பகுதிகளில் 1998-ல் ஒரு பெரிய ஆய்வு தொடங்கினார்கள். 1,51,538 பெண்கள். பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்களே இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கையால் மார்பகப் பரிசோதனை செய்தார்கள். 20 வருடம் கழித்து 2021-ல் முடிவு வந்தது. முற்றிய நிலையில் வந்தவர்கள் குறைந்தார்கள். 50 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் இறப்பு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. 50-க்குக் கீழே அப்படிக் குறையவில்லை.

இதில் நமக்கு இரண்டு பாடம். ஒன்று, கையால் செய்யும் பரிசோதனை வீண் அல்ல. 30 வயது முடிந்த எல்லோரும் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மார்பகப் பரிசோதனையும் கருப்பைவாய்ப் பரிசோதனையும் இலவசமாகச் செய்துகொள்ளுங்கள். இரண்டாவது, வேகமாக வளரும் வகை இரண்டு பரிசோதனைகளுக்கு நடுவில் முளைத்துவிடும். ‘போன மாசம்தான் முகாம்ல பார்த்தாங்க’ என்று இருந்துவிடக் கூடாது. மாதவிலக்கு முடிந்த சில நாளில், மாதம் ஒருமுறை, குளிக்கும்போது விரல்களைத் தட்டையாக வைத்து மார்பு முழுவதும், அக்குளும் தடவிப் பாருங்கள். புதிதாகக் கட்டி, தோலில் குழி, காம்பு உள்ளே இழுத்தல், இரத்தக் கசிவு, அக்குளில் உருண்டை எது தெரிந்தாலும் அந்த வாரமே போய்க் காட்டுங்கள். கட்டிகளில் பெரும்பாலானவை புற்று அல்ல. அதைத் தெரிந்துகொண்டு நிம்மதியாகத் திரும்பலாம்.

நாம் அடிக்கடி கேட்கும் பேச்சுகள்

“வலியே இல்லீங்களே மேடம், அப்புறம் எதுக்குங்க போகணும்?”
புற்றுக்கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. வலி இல்லாத கட்டியைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

“மூணு பிள்ளைக்குப் பால் கொடுத்தவ நான். எனக்கு வராதுங்க.”
பால் கொடுப்பது நல்லது. மூன்று நெகடிவ் வகை வரும் வாய்ப்பையும் அது குறைக்கிறது. ஆனால் வரவே வராது என்று இல்லை. பால் கொடுக்கும் தாய்க்கு வரும் கட்டியைப் ‘பால் கட்டிக்கிச்சு’ என்று விட்டுவிடுகிறோம். இரண்டு வாரத்தில் கரையாத கட்டி எதுவானாலும் டாக்டர் பார்க்க வேண்டும்.

“ஊசி குத்தினா பரவிடும்னு சொல்றாங்க.”
பரவாது. ஊசிப் பரிசோதனை இல்லாமல் எந்த வகை என்றே தெரியாது. பரிசோதிக்காமல் கட்டியை மட்டும் அறுத்து எடுத்துவிடுவதுதான் தவறு. எடுத்த சதையையும் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

“மலை மேல நல்ல மூலிகை இருக்கு, முதல்ல அதைப் பார்ப்போம்.”
கொல்லிமலை மூலிகைக்குப் பேர்போன மலை. அதன் பெருமையை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் மூன்று நெகடிவ் கட்டி ‘முதல்ல அது, அப்புறம் இது’ என்பதற்கு நேரம் தராது. கீமோ எடுக்கும்போது வேறு மருந்து சாப்பிட்டால் கல்லீரலும் சிறுநீரகமும் கெடலாம். என்ன சாப்பிடுகிறோம் என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

“தொட்டா ஒட்டிக்குமா?”
ஒட்டாது. தனித் தட்டு, தனி டம்ளர் வைப்பது நோயைவிடக் கொடுமை.

எங்கே போவது? பணத்துக்கு என்ன செய்வது?

முதலில் ஆரம்ப சுகாதார நிலையம். அங்கிருந்து நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ எழுதிக் கொடுப்பார்கள். காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசு அண்ணா புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. சென்னை அடையாறில் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. அடையாறு மருத்துவமனையைத் தொடங்கியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். இந்திய மாதர் சங்கத்தின் மூலம் பணம் திரட்டி 1954-ல் அதைத் தொடங்கினார். மறு வருடம் அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா 2021-ல் மறையும் வரை அதற்காகவே உழைத்தார். பெண்கள் சங்கம் சேர்ந்து கட்டிய மருத்துவமனை அது என்பதை நம் குழுக்கள் நினைவில் வைக்க வேண்டும்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். அட்டை இல்லாதவர்கள் கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாருடன் கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போக வேண்டும். நோய் வந்த பிறகு அலையாமல் இப்போதே எடுத்து வையுங்கள். மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம்.

மருந்து இலவசமாகக் கிடைத்தாலும் பஸ் செலவு, கூட வருபவரின் கூலி இழப்பு, சாப்பாடு இவைதான் பாதியில் நிறுத்த வைக்கின்றன. மலை மேல் உள்ளவர்கள் 70 கொண்டை ஊசி வளைவு இறங்கி, அதன் பிறகு பஸ் மாறிப் போக வேண்டும். குமட்டலோடு திரும்பி ஏற வேண்டும். இங்கேதான் குழுவின் வேலை.

குழு என்ன செய்யலாம்?

1. ‘மருத்துவ அவசரக் கடன்’ என்று உள்கடனில் ஒரு தொகையை ஒதுக்கித் தீர்மான நோட்டில் எழுதுங்கள். கூட்டம் கூடும் வரை காத்திருக்காமல் ஊக்குநரும் பிரதிநிதியும் கொடுக்க அதிகாரம் கொடுங்கள்.

2. சிகிச்சையில் உள்ள உறுப்பினரின் தவணையைத் தள்ளிவைக்க முடியுமா என்று பேசி முடிவு செய்யுங்கள். ‘தவணை கட்ட முடியலையே’ என்ற வெட்கத்தில் கூட்டத்துக்கே வராமல் போகிறவர்கள் உண்டு.

3. துணைக்குப் போக முறை வையுங்கள். ஒவ்வொரு ஊசிக்கும் ஒருவர். சனிக்கிழமை பேளுக்குறிச்சிச் சந்தைக்கு முறை வைத்துப் போகத் தெரிந்த நமக்கு இது முடியாத காரியம் அல்ல.

4. ஒரு ஃபைல் போடுங்கள். சதைப் பரிசோதனை ரிப்போர்ட், மூன்று சோதனை ரிப்போர்ட், ஸ்கேன், ஊசி போட்ட தேதி எல்லாம் அதில் இருக்கட்டும். ஒரு ஜெராக்ஸ் குழுவில் இருக்கட்டும். வேறு மருத்துவமனைக்குப் போனால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்காது.

5. ரிப்போர்ட்டை வீட்டில் வாசித்து முடிவு செய்ய வேண்டாம். வாங்கிய அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். கேட்க வேண்டிய கேள்விகள்: “இது புற்றா? மூன்று சோதனையும் வந்துவிட்டதா? எந்த வகை? எந்த ஸ்டேஜ்? எப்போது சிகிச்சை ஆரம்பிக்கலாம்?”

உலக சுகாதார நிறுவனம் மார்பகப் புற்றுக்கு 60–60–80 என்று ஒரு இலக்கு வைத்திருக்கிறது. நோயாளிகளில் 60 சதவீதம் பேரையாவது ஆரம்ப நிலையிலேயே கண்டுபிடிக்க வேண்டும். மருத்துவரிடம் வந்த 60 நாளுக்குள் என்ன நோய் என்று முடிவு தெரிய வேண்டும். 80 சதவீதம் பேராவது சிகிச்சையை முழுவதும் முடிக்க வேண்டும். முதல் எண்ணும் கடைசி எண்ணும் டாக்டர் கையில் மட்டும் இல்லை. நம் கையிலும் இருக்கிறது.

கூட்டத்தில் கலந்துரையாட

- ரிப்போர்ட்டில் மூன்று நெகடிவ் என்று வந்தால் என்ன அர்த்தம்? உங்கள் சொந்த வார்த்தையில் சொல்லுங்கள்.
- கீமோ எடுப்பவருக்கு இரவில் காய்ச்சல் வந்தால் நம் ஊரிலிருந்து எந்த வண்டியில், எங்கே கொண்டு போவோம்? ஓட்டுநரின் போன் எண் யாரிடம் இருக்கிறது?
- நம் குழுவில் காப்பீட்டு அட்டை இல்லாத குடும்பங்கள் எத்தனை? எந்தத் தேதிக்குள் எடுப்போம்?
- 30 வயது முடிந்த உறுப்பினர்களில் இந்த வருடம் பரிசோதனை செய்துகொண்டவர்கள் யார் யார்? மற்றவர்கள் என்றைக்குப் போகிறோம்?

பதில்களைத் தீர்மான நோட்டில் எழுதி, அடுத்த மாதக் கூட்டமைப்புக் கூட்டத்துக்குப் பிரதிநிதிகள் கொண்டுவாருங்கள்.